ஊர் கூடி எடுக்கும் படம்

சினிமா என்றவுடன் நம் மனக்கண் முன் எழுவது பெரியதொரு காட்சி. மாளிகை போன்ற படப்பிடிப்பு நிலையங்கள், கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள், இலட்சக்கணக்கிற் பணம், ஊரெங்கும் ஒட்டப்படும் வண்ணச் சுவரொட்டிகள் ஆகிய யாவும் சேர்ந்ததே சினிமா என்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும் இந்தப் பெரிய சினிமாவின் நிழலிலே மற்றொரு சினிமாவும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக வாழ்ந்து வருகின்றது. அதற்கு நட்சத்திரங்கள் இல்லை, சம்பளம் இல்லை, நுழைவுச் சீட்டு விற்றுக் கிடைக்கும் இலாபமும் இல்லை. பகலெல்லாம் ஆலையிலும் அலுவலகத்திலும் கடையிலும் உழைத்தவர்கள், மாலையிலே ஒரு சிறு மண்டபத்திற் கூடித் தாமே கதை எழுதி, தாமே நடித்து, தாமே படம்பிடித்து, தாமே திரையிட்டு மகிழும் சினிமா அது.

இத்தகையோரை ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்பர். கைதேராதவர், அரைகுறையாகச் செய்பவர் என்ற பொருளில் இச்சொல் இன்று வழங்குவதுண்டு. அதன் வேரோ அன்பு செய்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல். பொருளுக்காக அன்றிப் பற்றினால் ஒன்றைச் செய்பவரே அமெச்சூர். இக்கருத்து நமக்குப் புதியதன்று. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் பகலில் வயலிலே ஏர் பிடித்தவர், இரவிலே அண்ணாவியாரின் மத்தளத்துக்கு இசைய ஆடி, முடி தரித்து அரசனாகக் களரியில் நின்ற கதையை நாம் அறிவோம். கூத்தாடியவர் கூலி கேட்கவில்லை. கூத்துப் பார்த்தவரும் அவரை அரைகுறை என்று இகழவில்லை. கூத்து ஊரின் உடைமையாக இருந்தது. அவ்வாறே சினிமாவையும் ஊரின் உடைமையாக்க முயன்றவர்களின் கதையே இது.

இங்கிலாந்தின் வடபகுதியில் யோர்க்ஷயர் என்னும் மாகாணத்திலே பிரட்போர்ட் என்று ஒரு நகரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கம்பளித் துணிக்கு உலகப் புகழ் பெற்ற நகரம் அது. அந்நகரிலே 1932ஆம் ஆண்டு, படம் பிடிப்பதில் விருப்பங்கொண்ட சிலர் கூடிப் 'பிரட்போர்ட் சினி வட்டம்' என்ற சங்கத்தைத் தொடங்கினர். பிற்காலத்தில் 'பிரட்போர்ட் மூவி மேக்கர்ஸ்' எனப் பெயர் மாறிய அச்சங்கம், உலகின் மிகப் பழைய அமெச்சூர்த் திரைப்படச் சங்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது.

1932 என்ற ஆண்டு இத்துறையின் வரலாற்றிலே குறிப்பிடத்தக்கது. பிரித்தானியா முழுவதிலுமுள்ள இத்தகைய கலைஞர்களை ஒன்றுசேர்க்கும் அமெச்சூர் ஒளிப்பதிவாளர் நிறுவனம் தோன்றியதும் அவ்வாண்டிலே. அமெரிக்காவின் கொடாக் கொம்பனி 8 மில்லிமீற்றர் அகலமுள்ள படச்சுருளை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அவ்வாண்டிலே. கருவி மலிந்ததும் சங்கங்கள் பெருகியதும் தற்செயலாக ஒருங்கே நிகழ்ந்தவை அல்ல. இதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

தொழில்முறைச் சினிமா தொடக்கத்திலிருந்தே 35 மில்லிமீற்றர் அகலமுள்ள சுருளையே பயன்படுத்தியது. அக்காலத்தில் அச்சுருள் நைத்திரேற்று என்னும் பொருளால் ஆனது. அது எளிதிலே தீப்பற்றும். பற்றினால் அணைப்பது மிகக் கடினம். இத்தகைய பொருளை ஒரு வீட்டின் கூடத்திலே விளக்கின் வெப்பத்துக்கு முன் ஓட்டுவது நெருப்போடு விளையாடுவதாகும். ஆகவே, சினிமா வீட்டுக்குள் வரவேண்டுமாயின் முதலிலே தீப்பற்றாத சுருள் வேண்டியிருந்தது. அசற்றேற்று என்னும் பொருளாலான பாதுகாப்புச் சுருள் அக்குறையைத் தீர்த்தது.

பிரான்சிலே பதே கொம்பனியார் 1922ஆம் ஆண்டின் இறுதியில், 9.5 மில்லிமீற்றர் அகலமான சுருளை ஓட்டும் சிறிய படங்காட்டுங் கருவியை வெளியிட்டனர். அடுத்த ஆண்டிலே கொடாக் கொம்பனியார் 16 மில்லிமீற்றர்ச் சுருளையும் அதற்குரிய கமராவையும் கொண்டுவந்தனர். கமரா, படங்காட்டுங் கருவி, முக்காலி, திரை, ஒட்டுங் கருவி ஆகிய எல்லாம் அடங்கிய தொகுதியின் விலை 335 டொலர். சாதாரண உழைப்பாளிக்கு அது எட்டாத தொகை. அக்கமராவைக் கையினாற் சுழற்றவேண்டும். செக்கனுக்கு இரண்டு சுற்று, கூடாமலும் குறையாமலும் சுழற்றவேண்டும். சில ஆண்டுகளில் வில்லுச் சுருளால் இயங்கும் கமரா வந்து அத்தொல்லையை நீக்கியது.

1932இல் வந்த 8 மில்லிமீற்றர் முறை செலவைப் பின்னும் குறைத்தது. அதன் உபாயம் எளியது. 16 மில்லிமீற்றர் அகலமும் 25 அடி நீளமுமுள்ள சுருளின் ஒரு பாதியிலே முதலிற் படம்பிடிப்பர்; பின் சுருளைத் திருப்பிப் போட்டு மறுபாதியிலே பிடிப்பர். கழுவியபின் அதனை நீளவாக்கிலே இரண்டாகப் பிளந்து ஒட்டினால், 50 அடிப் படம் கிடைக்கும். செக்கனுக்கு 16 படங்கள் என ஓட்டினால் அது நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகமாக ஓடும். 1965ஆம் ஆண்டிலே 'சுப்பர் 8' என்ற முறை வந்தது. சுருள் ஒரு சிறிய பெட்டிக்குள் அடைக்கப்பட்டுக் கிடைத்ததால், சுருளைக் கையாற் கோத்து ஏற்றும் வேலை இல்லாமற் போயிற்று.

கருவியிருந்தாற் போதுமா? போதாது. அதனை உணர்ந்தவருள் ஒருவர் அமெரிக்கரான ஹைரம் பேர்சி மக்சிம். வானொலி நேயர்கள் அறியவேண்டிய பெயர் இது. தம் வீட்டிலிருந்தே வானொலிச் செய்தி அனுப்பிப் பழகிய அமெச்சூர்களை ஒன்றுதிரட்டி 1914ஆம் ஆண்டிலே அமெரிக்க வானொலி அஞ்சல் சங்கத்தை அமைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். அதே மனிதரே 1926ஆம் ஆண்டிலே அமெச்சூர்ச் சினிமாச் சங்கத்துக்கும் தலைவரானார். வானலையாயினும் படச்சுருளாயினும், பெரிய நிறுவனங்களின் கையில் மாத்திரம் அது தங்கிவிடலாகாது. பொதுமக்களும் அதன் மொழியைப் பேசப் பழகவேண்டும் என்பதே அவருடைய இரண்டு முயற்சிகளுக்கும் பொதுவான கருத்து எனலாம்.

இனி, ஒரு சங்கம் எவ்வாறு படம் எடுக்கின்றது என்பதைப் பார்ப்போம். தனியொருவர் தம் குழந்தையின் பிறந்தநாளைப் படம்பிடிக்கலாம். ஆனால் ஒரு கதையைச் சொல்ல முற்பட்டாற் பல கைகள் வேண்டும். ஒருவர் கமராவின் பின்னே நிற்கவேண்டும். ஒருவர் விளக்குப் பிடிக்கவேண்டும். ஒருவர் நடிகரை நெறிப்படுத்தவேண்டும். நடிகர் முன்னைய காட்சியிலே எந்தக் கையிற் குடையை வைத்திருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளவும் ஒருவர் வேண்டும். விலையுயர்ந்த கருவிகளைத் தனியொருவர் வாங்குவது கடினம். சந்தாப் பணத்திற் சங்கம் வாங்கினால் அனைவர்க்கும் அவை பயன்படும். ஊர் கூடினாற்றான் தேர் நகரும்.

முதலிலே கதை எழுதப்படும். அக்கதை காட்சி காட்சியாகப் பிரிக்கப்படும். இடத்தைக் காட்டுந் தூரக்காட்சி, ஆளைக் காட்டும் இடைக்காட்சி, முகத்தின் குறிப்பைக் காட்டும் அண்மைக்காட்சி என எதனை எங்கே வைப்பது என்று காகிதத்திலேயே முடிவு செய்யப்படும். இம்முன்னேற்பாடு வெறும் சடங்கன்று. 16 மில்லிமீற்றரில் நூறு அடிச் சுருள், ஒலிப்படத்துக்குரிய வேகத்தில், மூன்று நிமிடமும் ஓடாது. ஒவ்வோர் அடிக்கும் காசு. யோசியாமல் விசையை அழுத்தியவரின் பை வெறுமையாகும். இன்று மணிக்கணக்காகப் படம்பிடித்து வேண்டாததை அழித்துவிடுபவர்க்கு, அச்சிக்கனம் கற்பித்த பாடத்தை விளங்கிக்கொள்வது அரிது. எதைக் காட்டவேண்டும் என்பதைக் கமராவை எடுக்குமுன்பே சிந்திக்கச் செய்தது அந்த வறுமைதான்.

புதிதாக வருவோர் செய்யும் பிழைகள் எங்கும் ஒரேவிதமானவை. கமராவைக் கையிற் பிடித்து, தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயைப் போல அங்குமிங்கும் வீசுவர். பார்ப்பவர்க்குத் தலை சுற்றும். 'கமராவை முக்காலியில் நிறுத்து. அசையவேண்டியது கமரா அன்று, அதன் முன் நிற்கும் வாழ்க்கை' என்பதே சங்கத்து மூத்தவர்கள் கொடுக்கும் முதற் பாடம். மற்றொரு பிழை, பிடித்த யாவற்றையும் காட்ட விரும்புதல். கத்தரிக்கவும் ஒட்டவும் அமர்ந்தபோதுதான் படம் உண்மையிலே பிறக்கின்றது. வெயிலில் நாள் முழுவதும் நின்று பிடித்த காட்சியாயினும், கதைக்கு உதவாவிடில் அதனை வெட்டி எறியும் துணிவு வேண்டும்.

படம் முடிந்தபின் சங்கத்திலே திரையிடப்படும். அதன்பின் வருவதே கடுமையான பகுதி. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கருத்தைச் சொல்வர். முகத்துக்கு நேரே குறை சொல்லப்படும். சொன்னவரோடு சேர்ந்து தேநீர் அருந்தவும் வேண்டும். குறை கேட்டு மனம் நொந்தவர் அடுத்த வாரம் வாராதிருத்தலும் உண்டு. ஆயினும் தொடர்ந்து வந்தவர் தேர்ச்சி பெற்றனர். பாராட்டை மாத்திரம் சொல்லும் உறவினர் கூட்டத்துக்கும், குறையையும் எடுத்துச் சொல்லும் தோழர் கூட்டத்துக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இச்சங்கங்களும் அவை நடத்திய போட்டிகளும் பெருங் கலைஞர் சிலரை உலகுக்கு அளித்தன. ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே கலை பயின்ற நோர்மன் மக்லாரன் என்னும் மாணவர், 1930களிலே அமெச்சூர்த் திரைப்பட விழாக்களுக்குத் தம் படங்களை அனுப்பினார். நடுவராக வந்த ஜோன் கிரியர்சன் அவருடைய திறமையைக் கண்டு அஞ்சல் திணைக்களத்தின் படப்பிரிவிலே வேலை கொடுத்தார். கமராவே இல்லாமற் சுருளின் மீது கையால் வரைந்து அசையும் படங்களை ஆக்கி உலகப் புகழ் பெற்றவர் அந்த மக்லாரன். கெவின் பிரவுண்லோ என்பவர் 1956ஆம் ஆண்டில், தமது பதினெட்டாம் வயதிலே, ஜேர்மனியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதைக் கற்பனை செய்து ஒரு படத்தைத் தொடங்கினார். தம்மிலும் இளையரான அன்ட்ரூ மொல்லோவோடு சேர்ந்து, பெரும்பாலும் சம்பளம் பெறாத அன்பர்களைக் கொண்டு, விடுமுறை நாட்களிலே பிடித்த அப்படம் முடிய எட்டு ஆண்டுகள் சென்றன.

நம் நாட்டின் சினிமாவுக்கும் இவ்வியக்கத்துக்கும் மெய்யானதொரு தொடர்பு உண்டு. இலண்டனிலே பத்திரிகையாளராக இருந்த லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ், 1949ஆம் ஆண்டிலே 'சொலிலொக்கி' என்னும் சிறு படத்தை எடுத்தார். அது அமெச்சூர்ப் படங்களுக்கான பிரித்தானியப் போட்டியிலே பரிசு பெற்றது. அங்கே கற்ற துணிவோடு 1952இல் நாடு திரும்பி அரசாங்கத் திரைப்படப் பிரிவிலே பணியாற்றியவர், 1956ஆம் ஆண்டிலே 'ரேகாவ' என்ற படத்தை வெளியிட்டார். படப்பிடிப்பு நிலையத்தின் அட்டைச் சுவர்களை விட்டுக் கிராமத்து வெயிலுக்குக் கமராவை எடுத்துச் சென்ற படம் அது. 1962ஆம் ஆண்டிலே வெளிவந்த 'சமுதாயம்' என்னும் ஈழத்துத் தமிழ்ப் படமோ 16 மில்லிமீற்றர்ச் சுருளிலேயே எடுக்கப்பட்டது. வீட்டுக்கென்று அமைந்த சிறு சுருள், பெருமுதல் இல்லாதவர்க்கும் கைகொடுத்தது என்பதற்கு அதுவே சான்று.

எனினும், புகழ் பெற்ற சிலரைக் கொண்டு இச்சங்கங்களின் பயனை அளப்பது முறையன்று. பேர் பெறாத ஆயிரவரின் உழைப்பு வேறொரு பயனைத் தந்திருக்கின்றது. செய்திப்படம் எடுப்போர் அரசர் வருகையையும் பாலத் திறப்பு விழாவையும் பிடித்தனர். சந்தை நாளிலே காய்கறி விற்ற கிழவியையும், ஆலைச் சங்கு ஊதியதும் வெளியே வந்த தொழிலாளரையும், பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டப் பந்தயத்தையும் பிடித்தவர் அவ்வூர் அமெச்சூரே. ஆலைகள் மூடப்பட்டன, தெருக்கள் இடிக்கப்பட்டன, அம்மனிதரும் மறைந்தனர். அவர்கள் எவ்வாறு நடந்தனர், எவ்வாறு சிரித்தனர் என்பதற்கு எஞ்சிய சாட்சி சில அடிச் சுருளே.

அச்சாட்சி எளிதிலே அழியக்கூடியது. வீட்டுக்கென விற்ற சுருள்களிற் பெரும்பாலானவை கழுவும்போதே நேர்ப்படமாக மாறுபவை. அவற்றுக்கு எதிர்ப்படம் இல்லை. கமராவுக்குள் ஓடிய அதே சுருள்தான் திரையிலும் ஓடுகின்றது. ஆதலால் அப்படத்துக்கு உலகிலே ஒரு பிரதிதான். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அதன்மேற் கீறல் விழுகின்றது. தீப்பற்றாத அசற்றேற்றுக்கும் ஒரு நோய் உண்டு. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் வைத்தால் அது சிதையத் தொடங்கி, அசற்றிக்கமிலத்தை வெளிவிடும். பெட்டியைத் திறந்ததும் வினாகிரி மணக்கும். பின் சுருள் சுருங்கி, நெளிந்து, ஓட்டவியலாத நிலையை அடையும். குளிரும் உலர்வும் உள்ள அறையிலே வைப்பதால் இந்நோயைத் தாமதப்படுத்தலாம், வந்ததை மாற்றமுடியாது.

இதனை உணர்ந்தே பிரித்தானியாவிற் பிரதேசந்தோறும் திரைப்படக் காப்பகங்கள் எழுந்தன. ஸ்கொத்லாந்திலும் கிழக்கு இங்கிலாந்திலும் 1976ஆம் ஆண்டிலும், யோர்க்ஷயரில் 1988ஆம் ஆண்டிலும் அவை அமைந்தன. முற்கூறிய அமெச்சூர் ஒளிப்பதிவாளர் நிறுவனத்தின் படத்தொகுதி கிழக்கு ஆங்கிலியக் காப்பகத்திலே பேணப்படுகின்றது. தாத்தாவின் பரணிலே கிடந்த சுருளை வரலாற்றாசிரியர் இன்று தேடிச் சென்று படிக்கின்றனர்.

இவ்வளவு பயன் விளைத்த சங்கங்களின் நிலை இன்று என்ன? 1980களிலே வீடியோக் கமரா வந்தது. பின் கணினியும், அதன்பின் கைத்தொலைபேசியும் வந்தன. சுருள் வேண்டாம், கழுவும் செலவு வேண்டாம், ஒட்டுங் கருவி வேண்டாம் என்ற நிலையிலே, சங்கமும் வேண்டாம் என்று பலர் எண்ணினர். உறுப்பினர்க்கு வயதேறியது, இளையோர் வரவு குறைந்தது. பிரட்போர்ட் நகரம் 2009ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனத்தின் முதலாவது திரைப்பட நகரம் என்ற சிறப்பைப் பெற்றது. ஆயினும் அந்நகரின் பழைய சங்கமோ, கூரை பழுதடைந்த கட்டடத்திலே வாடகை கொடுக்கவும் வழியின்றித் தத்தளித்தது. அந்நிலையை கிம் ஹொப்கின்ஸ் என்னும் நெறியாளர் 2022ஆம் ஆண்டில் 'ஏ பஞ்ச் ஒவ் அமெச்சூர்ஸ்' என்ற ஆவணப்படமாக்கினார். ஷெபீல்ட் ஆவணப்பட விழாவிலே அப்படம் பார்வையாளர் பரிசைப் பெற்றது.

அப்படத்தைப் பார்த்தோர் அதிலே சினிமாவை மாத்திரம் காணவில்லை. நோயுற்ற துணையைப் பேணுபவரும், துணையை இழந்து தனித்தவரும், முதுமையின் தளர்ச்சியோடு போராடுபவரும் வாரத்தில் ஒருமுறை கூடுவதைக் கண்டனர். ஒருவர் தம் வாழ்நாள் விருப்பமாகிய ஒரு பழைய இசைப்படக் காட்சியை மீண்டும் நடித்துப் பார்க்க விழைகின்றார். குதிரையேற இயலாத வயதிலே அவரைக் குதிரைமேல் இருப்பதுபோலக் காட்டுவதற்குத் தோழர் யாவரும் முனைகின்றனர். அப்படம் சந்தையிலே ஒரு சதமும் பெறாது. ஆனால் அதனை எடுத்து முடிக்கும்வரை அவர்களுள் எவரும் தனியர் அல்லர்.

இங்கேதான் சங்கத்தின் தேவை தெளிவாகின்றது. சட்டைப்பையிலே கமரா இருப்பதனால் எல்லோரும் படம் பிடிக்கின்றோம். ஆனால் பிடித்ததைப் பொறுமையோடு இருந்து பார்ப்பவர் யார்? இந்தக் காட்சி நீளம், அந்த முகம் தெளிவில்லை என்று அக்கறையோடு சொல்பவர் யார்? பத்தாண்டு கழித்து, அக்காட்சியில் நிற்பவர் இன்னார், இடம் இன்னது என்று அடையாளங் கூறுபவர் யார்? கருவி தனிமனிதனின் கைக்கு வந்துவிட்டது. இவ்வேலைகளுக்கு இன்னும் கூட்டம் வேண்டும்.

நம் நாட்டிலும் கோயில் தேர்த்திருவிழா, திருமணம், பாடசாலை விளையாட்டுப் போட்டி ஆகியவற்றை வீடியோ நாடாவிலே பதித்துவைத்த குடும்பங்கள் பல. அவ்விழாக்கள் நிகழ்ந்த இடங்களிற் சில இன்று உருமாறிவிட்டன. அவற்றிலே சிரித்து நின்றவர் பலர் இன்று இல்லை. ஏடுகளையும் ஆவணங்களையும் இழக்கும் துயரத்தை நம்மவர் அனுபவித்து அறிவர். காந்த நாடாவும் நெடுங்காலம் நிலைப்பதன்று. ஈரத்திலே பூஞ்சணம் பிடிக்கும், அதனை ஓட்டுங் கருவியும் அருகி வருகின்றது. ஊருக்கு ஒரு சிறு குழு சேர்ந்து, அந்நாடாக்களைத் திரட்டி, கணினிக்கு மாற்றி, முதியோரை அழைத்து ஒருமுறை திரையிட்டுக் காட்டினால் என்ன? அவர்கள் சொல்லும் பெயரையும் ஊரையும் ஆண்டையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். பெயர் தெரியாத படம் பாதி ஊமை.

அவ்வாறு கூடிய குழுவே நாளை ஒரு கமராவை முக்காலியில் நிறுத்தி, தன் ஊரின் கதையைத் தானே சொல்லத் தொடங்கலாம். பிரட்போர்ட்டிலே 1932இற் கூடியவர்களிடமும் தொடக்கத்தில் இருந்தவை ஒரு சிறு கருவியும், சில மாலைப் பொழுதுகளும், ஒருவர்க்கொருவர் துணை என்ற எண்ணமுமே.